ஏழு மாத இருமல்: கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த மாத்திரை

பல்லடம் பக்கத்திலிருந்து 48 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஏழு மாத இருமலுக்கு ஏழு பக்கம் ஒன்றும் அதிகமில்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். இவர் வீட்டு வேலை முடித்த நேரம் போகத் தறிக்குடோனில் தார் (ஊடை நூல் சுற்றும் குழல்) சுற்றுகிறார். போன ஐப்பசி மழையில் சளியும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது, இருமல் மட்டும் தங்கிவிட்டது. சளி வராத வறட்டு இருமல். தொண்டைக்குள் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருப்பது போல அரிப்பு எடுக்கும், உடனே இருமல் தொடங்கும். சத்தமாகப் பேசினால் வரும், சிரித்தால் வரும், இரவு படுத்ததும் வரும். ரத்தம் வரவில்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, மூச்சு வாங்கவில்லை. எப்போதாவது புளித்த ஏப்பம் உண்டு. தறி நிறுத்திவிட்டுச் சாப்பிட இரவு பத்தரை ஆகிவிடுகிறது.

நான்கு மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். முதலாமவர் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். இரண்டாமவர் லிவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும் 4 மி.கி. சால்பூட்டமால் மாத்திரையும், பெயரே தெரியாத சில மாத்திரைகளைக் காகித உறையில் போட்டும் கொடுத்தார். மூன்றாமவர் ரத்தத்தில் 'ஈசனோபில்' என்ற வெள்ளையணு வகை 7 சதவீதம் இருக்கிறது என்று மூன்று வாரம் மாத்திரை கொடுத்து, ஓர் இன்ஹேலரும் எழுதினார். மாத்திரையைச் சாப்பிட்டார். இன்ஹேலரை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார், 'அதைப் பிடித்தால் ஆயுசுக்கும் விட முடியாது' என்று மாமியார் சொன்னதால். நான்காமவர் 'எல்லாம் டென்ஷன்தான்' என்று தூக்க மாத்திரை எழுதினார். நடுவில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப் பதினோரு பாட்டில். கார்த்திகையில் எடுத்த எக்ஸ்ரே நார்மல். ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் மூன்று வாரம் இருந்தபோது இருமல் பாதியாகக் குறைந்ததாம், ஊர் திரும்பியதும் பழையபடி ஆகிவிட்டதாம்.

பெரியப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்ததால் பயம். 'உடனே சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம்' என்கிறான் மகன். 'மனசுதான் காரணம் என்று வீட்டுக்காரரும் நம்பத் தொடங்கிவிட்டார். எனக்கே சந்தேகமாக இருக்கிறது' என்று எழுதுகிறார்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரிகள் இவை: 'போன ஆவணியில் கேம்ப்பில் பிரஷர் இருப்பதாகச் சொல்லி எனலாப்ரில் 5 மி.கி. கொடுத்தார்கள். அதை ஒழுங்காகப் போடுகிறேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அது இருமலுக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் நானும் சொல்லவில்லை.'

அம்மா, நான் அந்த வரிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பிரஷர் மாத்திரை

எனலாப்ரில் நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காவல் நிற்கும் மருந்து. ஆனால் அதைச் சாப்பிடுபவர்களில் ஒரு பகுதியினருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நூறு பேரில் ஐந்து முதல் இருபது பேருக்கு மேல் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் எல்லா மருந்துக்கும் இந்தக் குணம் உண்டு.

காரணம் சுவாரஸ்யமானது. இந்த மருந்துகள் நம் உடம்பில் உள்ள ஒரு நொதியைத் தடுக்கின்றன. ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ஒரு பொருளை உண்டாக்குவது அந்த நொதிதான், அதனால் அதைத் தடுத்தால் பிரஷர் இறங்குகிறது. ஆனால் அதே நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பிராடிகைனின் என்ற பொருளை அவ்வப்போது உடைத்துத் துப்புரவு செய்வதும் அதுதான். நொதியைக் கட்டிப்போட்டால் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்கி, அங்குள்ள நரம்பு முனைகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் 'முடி ஒட்டியது போல' என்று எழுதினீர்களே, அந்த அரிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். (இந்த மருந்து வகை பிறந்ததே பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில்தான். அந்த நஞ்சில் பிராடிகைனினின் வேகத்தைக் கூட்டும் பொருள் ஒன்று இருப்பதை 1960-களில் கண்டுபிடித்தார்கள். இருமலின் விதை அன்றே அங்கே இருந்திருக்கிறது.)

'ஆவணியில் ஆரம்பித்த மாத்திரைக்கு ஐப்பசியில் ஏன் இருமல் வர வேண்டும், முதல் நாளே வந்திருக்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரையும் ஏமாற்றுவது இந்த இடம்தான். சிலருக்கு முதல் மாத்திரையிலேயே வரும், சிலருக்கு வாரங்கள் கழித்து, சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் வரும். உங்களுக்கு நடுவில் ஒரு சளிக்காய்ச்சல் வேறு வந்துவிட்டது. ஆகவே வீட்டில் எல்லோரும், முதலில் பார்த்த மருத்துவர்கள் உட்பட, இருமலைச் சளியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இருமல் சில வாரம் நீடிப்பது உண்மைதான், எட்டு வாரம் வரைகூட நீடிக்கலாம். ஏழு மாதம் நீடித்தால் அந்தக் கணக்கு சரியில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. தொழில் தொடங்கிய புதிதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நான்கு மாதம் இன்ஹேலரை மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் அவருக்கு மருந்து எடுத்துக்கொடுக்கும் கடைக்காரர்தான், 'சார், இவர் ராமிப்ரில் சாப்பிடுகிறாரே, பார்த்தீர்களா?' என்று போன் செய்தார். அன்றிலிருந்து யார் இருமிக்கொண்டு வந்தாலும் முதலில் மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லிவிடுவேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே எனலாப்ரிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாத்திரை இல்லாமல் பிரஷர் ஏறினால் அது இருமலைவிடப் பெரிய வம்பு. எழுதிக்கொடுத்த மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போய், 'எனக்கு ஏழு மாதமாக வறட்டு இருமல், இது எனலாப்ரிலால் இருக்குமா, மாற்றித் தருகிறீர்களா?' என்று நேரடியாகக் கேளுங்கள். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் என்று 'சார்ட்டான்' என முடியும் மருந்துகள் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், இந்த இருமலை அரிதாகவே கொண்டுவரும். அம்லோடிபின் இன்னொரு வழி, அதில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உங்களுக்குச் சர்க்கரையோ சிறுநீரில் புரதமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் முடிவு செய்வார். ஒரு ப்ரில்லை நிறுத்திவிட்டு இன்னொரு ப்ரில்லை எழுதினால் மட்டும் வேண்டாமென்று சொல்லுங்கள், இருமலும் கூடவே வரும். அளவைக் குறைத்துக் கொடுப்பதாலும் பயனில்லை.

மாற்றிய பின் பொறுமை வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். பத்தாம் நாள் 'இன்னும் இருமுகிறேனே' என்று ஐந்தாவது மருத்துவரைத் தேடிப் போய்விடாதீர்கள். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். ப்ரில் மாத்திரை சாப்பிடும் யாருக்காவது உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பெங்களூரில் நடந்தது என்ன?

உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்த பத்தி அது. இருமல் பாதியாகக் குறைந்த மூன்று வாரம். க்ளைமேட் ஒத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த மூன்று வாரத்தில் வேறென்னென்ன மாறியது? தறிக்குடோனின் பஞ்சுத்தூசி இல்லை. மகள் வீட்டில் இரவு எட்டு மணிக்கே சாப்பிட்டிருப்பீர்கள். அப்புறம், பிரஷர் மாத்திரையைக் கையோடு கொண்டுபோனீர்களா? பிரசவ வீட்டு அலைச்சலில் தீர்ந்துபோய், ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்களா? கோபிக்க மாட்டேன், நினைவுபடுத்திப் பாருங்கள். மாத்திரை இல்லாமல் இருந்தீர்கள் என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஒரு நாளும் விடாமல் போட்டீர்கள் என்றால் தூசியின் மீதும் இரைப்பையின் மீதும் சந்தேகம் கூடுகிறது.

தூசியைப் பற்றி ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாதபோது இருமல் எப்படி இருக்கிறது? திங்கட்கிழமை குடோனுக்குள் போனதும் நெஞ்சு இறுகுகிறதா? பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயின் முகம் அதுதான்: விடுமுறை முடிந்த முதல் நாள் மோசம், வாரம் போகப்போகத் தேறும். அது அதிகம் வருவது நூற்பாலைகளில், பஞ்சை உடைத்துச் சிக்கெடுக்கும் பிரிவுகளில். தார் சுற்றும் இடத்தில் தூசி அவ்வளவு இருக்காது, உங்கள் கடிதத்திலும் நெஞ்சு இறுக்கம் இல்லை. ஆகவே என் பட்டியலில் அது கீழேதான் நிற்கிறது. ஆனாலும் தார் சுற்றும் மெஷினை ஜன்னல் ஓரம் மாற்றுங்கள், குடோனைக் கூட்டும்போது தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், முகக்கவசம் போடுங்கள். ஆலையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் வாசகர்களுக்கு ஒரு வரி: பிசினோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய். இ.எஸ்.ஐ. மூலமோ, தொழிலாளர் இழப்பீடாகவோ அதற்கு நிவாரணம் கேட்கலாம்.

எக்ஸ்ரே நார்மல் என்றால்?

பெரிய ஆபத்துகள் பலவற்றை அது தள்ளிவைக்கிறது. 'ஒன்றுமில்லை' என்று அதற்குப் பொருள் கிடையாது. 'மறைந்திருக்கிறது' என்று பயப்படவும் வேண்டியதில்லை. எட்டு வாரத்துக்கு மேல் நீடித்து, எக்ஸ்ரேயும் நார்மலாக இருந்து, புகைப் பழக்கமும் இல்லாத இருமலுக்குப் பெரும்பாலும் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்: ப்ரில் மாத்திரை, மூக்கிலிருந்து தொண்டைக்குள் இறங்கும் நீர், வீசிங் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம். நான்குமே எக்ஸ்ரேயில் தெரியாதவை.

மகனிடம் சொல்லுங்கள், சிடி ஸ்கேன் முதல் படி இல்லை. ஒரு சாதாரண நெஞ்சு சிடி பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமமான கதிர்வீச்சைத் தரும். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: 48 வயதில் படம் எடுத்தால் பலருக்கு ஏதாவது ஒரு சின்னப் புள்ளி தெரியும். பிறகு அந்தப் புள்ளியைத் துரத்திக்கொண்டு ஒரு வருடம் ஓடுவீர்கள், இருமல் அப்படியே இருக்கும். ஆனால் கார்த்திகை எக்ஸ்ரே பழசாகிவிட்டது, இப்போது புதிதாக ஒன்று எடுங்கள். அதில் ஏதாவது தெரிந்தாலோ, மாத்திரை மாற்றியும் மற்றவற்றைச் சரிசெய்தும் அடங்காவிட்டாலோ சிடி எடுப்பது நியாயம், அப்போது நானே எடுக்கச் சொல்வேன்.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், படியேறினால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன பொறுமை செல்லாது, அன்றைக்கே போக வேண்டும். பெரியப்பா புகைத்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் புகைக்கவில்லை, எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. புற்றுநோயை நான் கடைசியில்தான் வைப்பேன்.

டிபி இல்லை என்று உறுதி செய்திருக்கிறார்களா?

இங்குதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் பாலபாடம். உங்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு முறைகூடச் செய்யவில்லை. நடுவில் லிவோஃப்ளாக்சசின் வேறு கொடுத்திருக்கிறார்கள். அது டிபி கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடிய மருந்து. டிபி இருந்தால் பத்து நாள் தேறியது போலக் காட்டிவிட்டுக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். நீடித்த இருமலுக்கு டிபியைச் சோதிக்காமல் அந்த வகை ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம்.

உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் டிபிக்கு வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் சோதித்துக் கழித்துவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ட்ரூநாட், சிபிநாட் போன்ற மரபணுப் பரிசோதனைகளில் சில மணி நேரத்தில் விடை தெரியும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதும் சேர்ந்தே தெரியும். வறட்டு இருமலில் சளி எப்படிக் கொடுப்பது என்றால், உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து எடுக்க வழி உண்டு. அங்கேயே கேளுங்கள்.

அந்த ஈசனோபில்

7 சதவீதம் என்பதைக் கேட்டு நீங்கள் பயந்துவிட்டீர்கள். உங்கள் மொத்த வெள்ளையணு 8,200 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 7 சதவீதம் என்றால் 574. ஐந்நூறு வரை சாதாரணம். உங்களுடையது மயிரிழை கூடுதல், அவ்வளவுதான். யானைக்கால் நோயின் நுண்புழுவால் வரும் இருமல் ஒன்று உண்டு. அதில் இந்த எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டிப் போகும், இருமலும் நடுராத்திரியில் வாட்டும். 1940-இல் அதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் நமக்குப் பக்கத்தில் மதனப்பள்ளியில் இருந்த காசநோய் மருத்துவமனை மருத்துவர்கள்தான். அதனாலோ என்னவோ 'ஈசனோபில்' என்ற சொல் நம் ஊரில் ஒரு வியாதியின் பெயராகவே ஆகிவிட்டது. 574-க்கு அந்த மூன்று வார மாத்திரை தேவைப்பட்டிருக்காது. ஆனால் லேசான ஏற்றம் ஆஸ்துமா வகை இருமலுக்கு ஒரு குறிப்பாக இருக்கலாம், ஆகவே அதை முழுவதும் ஒதுக்கவும் மாட்டேன்.

அதற்கு ஸ்பைரோமெட்ரி என்று ஒரு சோதனை. குழாயில் முழு மூச்சில் ஊத வேண்டும். பிறகு மருந்தை உறிஞ்சவைத்துக் கால் மணி நேரம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். இரண்டாவது ஊதல் தெளிவாகக் கூடியிருந்தால் ஆஸ்துமா. கூடாவிட்டால் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் பார்க்க வேண்டிய சோதனை. மாத்திரை மாற்றும் அதே வாரத்திலேயே செய்துகொள்ளலாம்.

மாமியாருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நீங்கள் விழுங்கிய சால்பூட்டமால் மாத்திரை 4 மி.கி. இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் இருப்பது நாற்பது அழுத்தத்தின் மருந்து. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகும். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று எழுதினீர்களே, அது டென்ஷன் இல்லை, இந்த மாத்திரை. இன்ஹேலர் நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால்தான் அவ்வளவு குறைந்த அளவு போதுகிறது. அதற்கு யாரும் அடிமையாவதில்லை. ஆஸ்துமா நீண்ட கால நோய் என்பதால் பலர் தொடர்ந்து எடுக்கிறார்கள், அதைப் பார்த்து வந்த பயம் இது. சரி, அலமாரியில் இருப்பதை இப்போதே எடுத்து அடிக்க வேண்டுமா? வேண்டாம். மாத்திரையையும் மாற்றி, இன்ஹேலரையும் தொடங்கி, இரைப்பைக்கும் மருந்து சாப்பிட்டால், இருமல் நின்றாலும் எது நிறுத்தியது என்று தெரியாமல் மூன்றையும் வருடக்கணக்கில் சுமப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று. ஸ்பைரோமெட்ரி ஆஸ்துமா என்று தெளிவாகக் காட்டினால் மட்டும் காத்திருக்காமல் தொடங்கலாம்.

மற்றவை சுருக்கமாக

புளித்த ஏப்பத்துக்கு மருந்துக்கு முன் கடிகாரத்தைச் சரிசெய்வோம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். தறி ஓடும்போதே ஒருவர் மாற்றி ஒருவர் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட முடியாதா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். தலையணையை அடுக்கிக்கொண்டால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

மூக்கடைப்பு, தும்மல், தொண்டையில் நீர் இறங்குவது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆகவே மூக்கை விட்டுவிடுகிறேன். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஒருவரிடம் காட்டுங்கள். சிரிக்காதீர்கள், காதுத் துளைக்குள் வரும் ஒரு நரம்பும் இருமலைக் கிளப்பும் நரம்பும் ஒரே கொடியின் கிளைகள். காது குடைந்தால் சிலருக்கு இருமல் வருவது அதனால்தான்.

பதினோரு பாட்டில் சிரப் போதும். அவற்றில் பல, இருமலை அடக்கும் மருந்தையும் சளியை வெளியே தள்ளும் மருந்தையும் ஒரே பாட்டிலில் வைத்திருக்கின்றன, ஒன்று பிரேக், இன்னொன்று ஆக்ஸிலரேட்டர். மூக்கடைப்பு மருந்து கலந்தவை பிரஷரையும் ஏற்றும். தொண்டை அரித்தால் வெந்நீரோ, ஒரு ஸ்பூன் தேனோ, வாயில் ஒரு கற்கண்டோ போதும்.

தயிர், வாழைப்பழம், தலைக்குக் குளிப்பது எல்லாவற்றையும் ஏழு மாதமாக நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியும் இருமல் நிற்கவில்லை அல்லவா? அப்படியென்றால் அவை குற்றவாளிகள் இல்லை. தயிர் சாப்பிடுங்கள்.

மனசுதான் காரணமா?

இல்லை, அம்மா. ஏழு மாதம் தூங்காமல் இருமினால் யாருக்கும் மனசு சோர்ந்துதான் போகும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவதை எழுதியிருக்கிறீர்கள். அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அது இருமலின் விளைவு. எல்லாக் காரணங்களையும் பார்த்தும் நிற்காத இருமல் சிலருக்கு உண்டு. அப்போதும் நாங்கள் தேடுவது இருமல் நரம்பு அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டதா என்பதைத்தான். அதற்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சியும் சில மருந்துகளும் இருக்கின்றன. நீங்கள் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. தூக்க மாத்திரையைப் பல வாரமாகத் தினமும் போட்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல், எழுதியவரிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்றை ஆறாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதி, அதன்மேல் ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள்: இருமும்போது சிறுநீர் கசிகிறது, அதனால் கல்யாணங்களுக்குப் போவதில்லை. நாள்பட்ட இருமலோடு வரும் பெண்களில் இதைச் சொல்பவர்கள் குறைவு, அனுபவிப்பவர்கள் ஏராளம். இருமல் அடங்கினால் பெரும்பாலும் இதுவும் குறையும். அதுவரை, சிறுநீரை அடக்குவது போல இடுப்படித் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள், ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. இருமல் வரும் என்று தோன்றியதும் முதலில் அந்தத் தசையை இறுக்கிக்கொண்டு இருமுங்கள். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டலாம்.

போகும்போது என்ன கொண்டுபோவது?

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, இருமல் எப்போது தொடங்கியது, எப்போது குறைந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஏழு பக்கத்தில் அந்த ஒரு தாள்தான் எனக்குத் தேவைப்பட்டது. காகித உறை மாத்திரைகள் என்னவென்று இரண்டாமவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று தெரிந்தால் அடுத்துப் பார்ப்பவருக்கு உதவியாக இருக்கும்.

கடைசியாக, நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். 'எங்கள் தறியில் ஒருவர் இருக்கிறார், அவரும் இரண்டு மாதமாக இருமுகிறார், ஆள் மெலிந்துவிட்டார், ஆனால் அவர் பீடி குடிப்பவர்.' அம்மா, உங்களைவிட எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. இருமலும் மெலிவும் சேர்ந்தால் பீடியின் மேல் பழி போட்டுவிட்டு இருக்க முடியாது. அவரை நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், முடிந்தால் வீட்டுக்காரர் கூடப் போகட்டும். அங்கேயே ஒரு சளி எடுப்பார்கள், இன்னொன்றுக்கு டப்பா கொடுத்து அனுப்புவார்கள். அதை மறுநாள் காலை எழுந்ததும், டீக்கும் பீடிக்கும் முன்னால், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுக்க வேண்டும். எச்சில் ஆகாது. எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். டிபி என்று வந்தால் மருந்து இலவசம், சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் இவ்வளவு நாள் போகாமல் இருந்திருப்பார். சிகிச்சை முடிந்து திரும்பும்வரை அவர் தறி அவருக்காகவே இருக்கும் என்று வீட்டுக்காரர் தன் வாயால் சொல்லி அனுப்பட்டும்.